வால்வில் ஒரு கரிய சாட்சி

ஹாரன் நிற்கவில்லை!

சிக்னல் பச்சையானது. மஞ்சளானது. சிவப்பானது. மறுபடியும் பச்சை...

அந்த வெள்ளைக் கார் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரே மூச்சாக அலறிக்கொண்டிருந்தது.

பின்னால் நின்றவர்கள் பதிலுக்கு ஹாரன் அடித்தார்கள். திட்டினார்கள். பொறுமை இழந்த ஒருவர் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"என்னய்யா, நடுரோட்டுல தூக்கமா?"

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

பார்த்தவர் போட்ட அலறலில் ஹாரனே தோற்றது!

ஜீப்பிலிருந்து குதித்த பெண் இன்ஸ்பெக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கூடவே மூச்சு வாங்க ஏட்டு. கண்ணாடியை உடைத்து, கதவைத் திறந்து, ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்த தலையைத் தூக்கினார்கள்.

ஹாரன் நின்றது.

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள்.

உதடுகள் ரப்பர் மாதிரி தடித்துப் பிதுங்கியிருந்தன. நாக்கு வாய்க்குள் இடம் போதாமல் வெளியே தள்ளி நின்றது. கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு. தடிப்பின் மேல் நகக்கீறல்கள். மூச்சுக்காகத் தன் தொண்டையைத் தானே பிறாண்டியிருக்கிறார் மனிதர்!

"மேடம்... இவரை எனக்குத் தெரியும்" என்றார் ஏட்டு. "பல் டாக்டர். இவரும் தம்பியும் சேர்ந்து ரெண்டு க்ளினிக் நடத்தறாங்க. இவர் பெரிய டாக்டர். தங்கமான மனுஷன்."

இன்ஸ்பெக்டரின் பார்வை காரின் மறுபக்கம் போயிருந்தது.

அங்கே ஒரு இளைஞன் பிணத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைச் சாய்த்து, செல்போனை உயர்த்திக்கொண்டிருந்தான்.

"நல்லா சிரிங்க தம்பி" என்றாள். "பல்லு தெரியட்டும். அப்பத்தான் உடைக்க வசதி!"

அவன் பறந்தான்.

சே! என்ன ஜென்மங்கள்...

ஏ.சி. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கையுறை மாட்டிய விரலால் அணைத்தாள். விரலில் ஏதோ நறநறத்தது.

பழுப்பு நிறத் தூள்! காபித்தூள் மாதிரி. ஏ.சி. காற்று வரும் துவாரத்தில், டாஷ்போர்டில், இறந்தவரின் சட்டையில்...

"ஏட்டு, இதை ஒரு கவர்ல போடுங்க. முகர்ந்து கிகர்ந்து பார்த்துடாதீங்க!"

ஏட்டு மூக்கிலிருந்து கவரை அவசரமாக விலக்கினார்.

* * *

மார்ச்சுவரி டாக்டரம்மா கையுறையைக் கழற்றித் தொட்டியில் எறிந்தார்.

"மாரடைப்பு இல்ல. அலர்ஜி. தொண்டை உள்ளுக்குள்ள வீங்கி மூச்சை அடைச்சிருக்கு. மூக்குல, மூச்சுக்குழல்ல எல்லாம் நீங்க கொண்டு வந்த அதே தூள்."

"விஷமா?"

"நீங்களும் நானும் இழுத்தா ரெண்டு தும்மல் வரும். அதோட சரி. இவருக்கு எமன். லென்ஸ்ல பார்த்தேன். ஏதோ கொட்டையோட ஓட்டைப் பொடி பண்ணின மாதிரி இருக்கு. வால்நட்டுன்னு நினைக்கிறேன். மிச்சத்தை லேபுக்கு அனுப்பிட்டேன்."

வெளியே நடைபாதையில் இறந்தவரின் மனைவி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி. சின்ன டாக்டர். அழுது சிவந்த கண்கள்.

"வால்நட்" என்று இன்ஸ்பெக்டர் சொன்னதுதான் தாமதம், மனைவி எழுந்தே விட்டாள்.

"அந்தப் பேரைச் சொன்னாலே பயப்படுவாரே! எங்க வீட்டு வாசப்படியைக்கூட அது தாண்டினதில்ல. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட கேக்கைத் தொட மாட்டார். உள்ள என்ன போட்டிருக்கானோன்னு..."

"அவசரத்துக்கு ஊசி வெச்சிருப்பாரே?"

"வீட்டுல ஒண்ணு, க்ளினிக்ல ஒண்ணு. வெயில்ல நிக்கற வண்டியில வெச்சா மருந்து கெட்டுடும்னு வண்டியில மட்டும் வைக்க மாட்டார்."

சின்ன டாக்டர் சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணி... கராஜ்! அந்தக் கராஜ்!"

"எந்த கராஜ்?" இன்ஸ்பெக்டர் திரும்பினாள்.

"அண்ணன் வண்டி காலையில ஸ்டார்ட் பண்ணினா குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கும் மேடம். வால்வுல கரி பிடிச்சிருக்குன்னாங்க. நான்தான் டர்போ கராஜுக்கு அனுப்பினேன். போன வருஷம் என் வண்டிக்கும் அவன்கிட்டதான் செஞ்சேன். நேத்து மத்தியானம்தான் அண்ணன் வண்டியை எடுத்துட்டு வந்தார். அங்க கரியை எதை வெச்சு எடுப்பாங்க தெரியுமா?"

"எதை வெச்சு?"

"வால்நட் ஓட்டுத் தூளை வேகமாப் பீச்சி! எனக்கு இது ஞாபகம் வந்திருந்தா... அனுப்பியிருப்பேனா மேடம்? என் அண்ணனை நானே..."

சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணி கிட்டே போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டருக்கே கண் கலங்கிவிட்டது.

* * *

டர்போ கராஜின் வரவேற்பறையில் ரோஜா வாசனை ஸ்ப்ரே மூக்கைத் துளைத்தது. மூலையில் ஒரு மீன்தொட்டி. தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. ஒரு மீன் வயிற்றைக் காட்டி மிதக்க, இன்னொரு மீன் அதைக் கொத்திக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க மேடம், வாங்க! காபி சொல்லட்டுமா?"

கராஜ் முதலாளி. ஊரெல்லாம் அவனுக்கு டர்போ என்றுதான் பெயர். பளீரென்ற வெள்ளைச் சட்டை. ஒரு பொட்டு கிரீஸ் இல்லை.

மெக்கானிக் சட்டையில் கிரீஸ் இல்லாதது அவளுக்கு உறுத்தியது.

காபி வந்தது. கோப்பையின் விளிம்பில் வேறு யாரோ குடித்த உதட்டுச்சாயம் இருந்தது. அதை ஒரு விரலால் தள்ளி வைத்தாள்.

"வால்வு சுத்தம் பண்றீங்களாமே?"

"நம்ம ஸ்பெஷாலிட்டியே அதான் மேடம்!" டர்போ மலர்ந்தான். "அந்தக் கால எஞ்சின்ல பெட்ரோலை வால்வு முதுகு மேலயே பீச்சுவாங்க. பெட்ரோலே வால்வைக் கழுவி விட்டுடும். இப்ப வர்ற டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்ல பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சறான். காத்து உள்ள போற வால்வு மேல ஒரு சொட்டு பெட்ரோல் படாது. ஆனா எஞ்சின் விடற எண்ணெய்ப் புகை மட்டும் திரும்பத் திரும்ப வந்து படியும். சூட்டுல வெந்து, கரியாகி, தடிச்சு..."

"பல்லுல காரை பிடிக்கற மாதிரி" என்றார் ஏட்டு.

"அதே! அதே! காத்துப் போக வழியில்லாம எஞ்சின் மூச்சுத் திணறும். சொல்லப்போனா..."

"டேங்க்ல ஊத்தற பாட்டில் மருந்து விக்கிதே, அதை ஊத்தினா போகாதா?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

டர்போ பரிதாபமாகச் சிரித்தான். "காதுல பூ சுத்தற வேலை மேடம் அது! டேங்க்ல ஊத்தினா பெட்ரோலோடதானே போகும்? பெட்ரோல்தான் வால்வைத் தொடறதே இல்லையே! எஞ்சினுக்குக் காத்துப் போற மேனிஃபோல்டுக் குழாயைக் கழட்டி, வால்நட் ஓட்டுத் தூளை அடிச்சு எடுக்கறது ஒண்ணுதான் வழி. ஓடு கரியைத்தான் பேர்க்கும். இரும்பைக் கீறாது."

செல்போனில் இரண்டு படங்கள் காட்டினான். ஒன்றில் கரிக்கட்டையாக ஒரு வால்வு. மற்றதில் கண்ணாடி மாதிரி மின்னும் வால்வு.

"நேத்து ஒரு பல் டாக்டர் வண்டியை முடிச்சுக் குடுத்தீங்களா?"

"குடுத்தேனே! இந்தப் படமே அந்த வண்டிதான்."

"அவர் இன்னிக்குக் காலையில செத்துட்டார். உங்க தூள் ஏ.சி. வழியா வந்து, மூச்சுல போயி."

டர்போவின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது.

என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். மறுபடி திறந்தான்.

"மேடம்... அது... தூளு வந்து..."

"என்ன தூளு?"

"ஒண்ணுமில்ல. வேலை சுத்தம் மேடம். எங்க மெஷின்ல ஒரு துளிகூட வெளிய சிதறாது!"

"மெஷினைக் காட்டு."

"ரிப்பேருக்குப் போயிருக்கு..."

"மிச்சத் தூள்?"

"தீர்ந்துபோச்சு..."

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். "ஏட்டு! கவனக்குறைவால மரணம். ஜீப்புல ஏத்துங்க இவனை."

வெளியே வரும்போது ஏட்டு அவள் காதோரம் குனிந்தார்.

"மேடம், அந்தப் படம்... என் மச்சினன் வண்டிக்கும் இதே படத்தைத்தான் காட்டினான். வால்வுல அந்த நசுங்கின மூலைகூட அப்படியே இருக்கு!"

இன்ஸ்பெக்டர் நின்றாள்.

"நம்ம மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. அந்த எஞ்சினைத் திறந்தே பார்த்துடலாம்."

* * *

போலீஸ் யார்டில் வெள்ளைக் காரின் பானெட் தூக்கி நின்றது. காவல்துறை மெக்கானிக் ஸ்பானரை எடுத்ததும், விலங்கு மாட்டிய கையோடு டர்போ குறுக்கே வந்து விழுந்தான்.

"திறக்காதீங்க! எஞ்சினை மட்டும் திறக்காதீங்க மேடம்!"

"ஏன்?"

"நான்தான் கொன்னேன்! கவனக்குறைவு! தூளைச் சிந்திட்டேன்! எங்க வேணா கையெழுத்துப் போடறேன். திறக்க மட்டும் வேண்டாம்..."

ஏட்டு வாயைப் பிளந்தார். "கேட்காமலே கொலைப் பழியை வாங்கிக்கறானே!"

"கராஜ்ல வேலை சுத்தம்னே. இங்க நான்தான் கொன்னேன்ங்கறே" என்றாள் இன்ஸ்பெக்டர். "அப்படி என்னதான் இருக்கு உள்ளே? திறங்க!"

மெக்கானிக் போல்ட்டுகளைக் கழற்றி, மேனிஃபோல்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

தீய்ந்த எண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது.

இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு டார்ச் அடித்தாள்.

உள்ளே...

வால்வு என்ற ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை! காம்பைச் சுற்றி, முதுகின் மேல், துவாரத்தின் சுவரில்... எல்லா இடத்திலும் கன்னங்கரேலென்று கரி. அடுப்பில் தீய்ந்து ஒட்டின பாகு மாதிரி அடுக்கடுக்காக. சில இடத்தில் உலர்ந்து வெடித்து, சில இடத்தில் ஈரமாகப் பிசுபிசுத்து... மெக்கானிக் ஒரு கம்பியால் குத்தினார். ஒரு கட்டி பெயர்ந்து, கறுப்பு எண்ணெய் சீழ் மாதிரி வழிந்தது.

ஏட்டு ஓரமாகப் போய் உவ்வே என்றார்.

"இதையா சுத்தம் பண்ணினே?" இன்ஸ்பெக்டரின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

டர்போ தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மன்னிச்சுடுங்க மேடம்... தூள் பீச்சற மெஷின் வாங்கின புதுசுலயே ரிப்பேர். அதுக்கப்புறம் யாருக்குமே செய்யல. கவனக்குறைவுன்னா ஜாமீன்ல வந்துடலாம். இது வெளிய தெரிஞ்சா... இந்த ஊர்ல இருக்கற ஒவ்வொரு கஸ்டமரும் என்னைத் தேடி வந்து உரிப்பான் மேடம்!"

"அப்ப அந்த வண்டிக்கு என்னதான் பண்ணினே?"

"டேங்க்ல... ஒரு பாட்டில் ஊத்தினேன்."

"டேங்க்ல ஊத்தினா வால்வைத் தொடாதுன்னு நீதானேடா சொன்னே?"

"அதனாலதான் மேடம் தொடல..."

"தூ!" என்றாள் இன்ஸ்பெக்டர்.

உண்மையிலேயே துப்பவும் செய்தாள்.

பிறகுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

"இரு... உன் கராஜ்ல வால்நட் தூளே கிடையாதா?"

"ஒரு கைப்பிடிகூடக் கிடையாது! என் வியாபாரம் மேல சத்தியம்!"

"உன் வியாபாரத்து மேல சத்தியம் பண்ணி என்ன பிரயோஜனம்? இந்த வால்வைத்தான் நான் நம்பறேன்."

மெக்கானிக் இதற்குள் காருக்குள் புகுந்து, டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த ஏ.சி. ஃபில்டரை உருவியிருந்தார்.

"மேடம், இங்க வந்து பாருங்க. காத்துல பறந்து வந்து படிஞ்ச தூள் இல்ல இது. யாரோ இதைக் கழட்டி, உள்ள அள்ளிக் கொட்டிட்டு, திரும்ப மாட்டியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் ஃபில்டரை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள்.

கவனக்குறைவு அல்ல... கொலை!

கராஜில் வால்நட் தூள் அடித்திருப்பார்கள் என்று நம்பிய எவனோ, பழி கராஜ் மேல் விழட்டும் என்று திட்டம் போட்டுச் செய்த கொலை! பாவம், டர்போ இவ்வளவு பெரிய ஃபிராடு என்பது அவனுக்குத் தெரியாது!

செல்போன் ஒலித்தது. லேப்.

"மேடம், நீங்க அனுப்பின தூள் வால்நட் ஓடுதான். ஆனா புதுசு இல்ல. ஏற்கெனவே எதையோ தேய்க்கப் பயன்படுத்தினது. நடுவுல இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் துகள் கலந்திருக்கு."

"என்ன பிளாஸ்டிக்?"

"பொய்ப்பல் செட்டுல ஈறு மாதிரி செய்வாங்களே... அது!"

* * *

பெரிய டாக்டரின் வீட்டு ஹாலில் துக்கம் கேட்க வந்தவர்கள் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் வீட்டின் சதுர அடியைக் கண்ணாலேயே அளந்து, விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி உள்ளறையில் தனியாக இருந்தாள்.

"தம்பி எங்கம்மா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"பேஷண்ட்டுங்க காத்திருக்காங்கன்னு க்ளினிக்குப் போயிட்டான்."

"அண்ணன் மார்ச்சுவரியில இருக்கும்போதா?"

அவள் தலை குனிந்தாள்.

"அண்ணன் தம்பிக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா? மறைக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரரை யாரோ கொன்னிருக்காங்க."

"கொன்னு..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை அடங்க வெகு நேரமானது. "வீட்டு மானம் போயிடுமேன்னுதான் சொல்லல. போன வாரம் ஒரு நாள் இவர் க்ளினிக்லேர்ந்து வந்ததும் வராததுமா வாந்தி எடுத்தார். ராத்திரி சாப்பிடல. திரும்பத் திரும்ப வாய் கொப்பளிச்சுக்கிட்டே இருந்தார். என்னங்கன்னு கேட்டேன்..."

"என்ன சொன்னார்?"

"தம்பிகிட்ட பல் கட்டினவர் ஒருத்தர் வலிக்குதுன்னு இவர்கிட்ட வந்திருக்கார். வாயைத் திறந்து பார்த்தா... உள்ள இருக்கற உலோகப் பல் இவர் கையாலயே செஞ்சதாம்! வேற ஒரு ஆளுக்கு! அந்த ஆள் அதைத் தம்பிகிட்ட கழட்டிட்டுப் புதுசு கட்டிக்கிட்டு போயிருக்கார். இவன் அந்தப் பழசைத் தேய்ச்சு, மெருகேத்தி... அடுத்தவர் வாயில..."

அவளால் முடிக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, நீளமாக ஒரு மூச்சு இழுத்து விட்டாள். தன் வாயில் யாருடைய பல்லோ உருளுவது போல் இருந்தது.

"'அவனைப் பார்க்கவே எனக்கு அருவருப்பா இருக்கு, திங்கக்கிழமை பல் மருத்துவ கவுன்சில்ல சொல்லிடுவேன்'னார். நேத்து சாயங்காலம் தம்பி வந்தான். அண்ணன் கால்ல விழுந்து அழுதான். இனிமே செய்ய மாட்டேன்னான். இவர் மசியல. அப்புறம் கிளம்பும்போது..."

"கிளம்பும்போது?"

"'அண்ணன் வண்டி என் வண்டியை மறிச்சுக்கிட்டு நிக்குது, நகர்த்தணும், சாவி குடுங்க அண்ணி'ன்னான்."

தன் வலது உள்ளங்கையை விரித்து, அதையே வெறித்துப் பார்த்தாள் அவள்.

"நான்தான் மேடம்... இந்தக் கையாலதான் எடுத்துக் குடுத்தேன்."

* * *

சின்ன டாக்டர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு கிழவரின் வாய்க்குள் குனிந்திருந்தார். ரேடியோவில் மெல்லிசாக ஏதோ பாட்டு.

இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டார். சோகம் வர அரை விநாடி தாமதமானது.

"வாங்க மேடம்... அந்தக் கராஜ்காரனுக்கு எவ்வளவு வருஷம் கிடைக்கும்?"

"அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன். பெரியவர் கொஞ்சம் வெளியே உட்காரட்டும்."

வாய் கொப்பளிக்கக் கொடுத்த டம்ளரைக் கையில் பிடித்தபடியே கிழவர் வெளியேறினார்.

"அந்தப் பூட்டின ரூம்ல என்ன டாக்டர்?" இன்ஸ்பெக்டர் பக்கத்துக் கதவைக் காட்டினாள்.

"பழைய சாமான். சாவி வீட்டுல இருக்கு..."

ஏட்டு சாவிக்காகக் காத்திருக்கவில்லை. தோளைக் கொடுத்து ஒரே இடி!

உள்ளே ஒரு மேஜை. மேஜை மேல் கண்ணாடி ஜன்னல் வைத்த இரும்புப் பெட்டி. கையை நுழைத்து வேலை செய்ய இரண்டு ரப்பர் கையுறைகள் பெட்டியிலேயே பொருத்தப்பட்டிருந்தன. உள்ளே ஒரு பீச்சுக் குழாய். அடியில் குவியலாகப் பழுப்புத் தூள். தூளில் இளஞ்சிவப்புப் பொட்டுகள்.

பக்கத்தில் ஒரு தட்டு. தட்டு நிறைய வரிசையாகப் பற்கள்! உலோகப் பற்கள், பொய்ப்பல் செட்டுகள்... இடது பக்கம் இருந்தவை பளபளத்தன. வலது பக்கம் இருந்தவற்றில் மஞ்சள் காரையும், காய்ந்த ரத்தமும், யார் எப்போது தின்றதோ ஒரு கீரைத் துணுக்கும் ஒட்டியிருந்தன.

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பல்லைக் கடிக்கவே கூசியது.

"இது எல்லாப் பல் லேப்லயும் இருக்கற மெஷின்தான்" என்றார் சின்ன டாக்டர். குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "அண்ணனுக்கு ஆகாதுன்னுதான் அவர் வராத இந்த க்ளினிக்ல வெச்சிருக்கேன். என் தூளுக்கும் அவர் சாவுக்கும் என்ன சம்பந்தம்? அவர் செத்தது கராஜ் தூள்ல!"

"கராஜ்ல தூளே கிடையாது டாக்டர்."

"என்ன உளர்றீங்க? வால்வு சுத்தம் பண்ணினானே!"

"பண்ணல. திறந்து பார்த்துட்டோம். கரி அப்படியே இருக்கு. டேங்க்ல ஒரு பாட்டிலை ஊத்தி அனுப்பிட்டான்."

"பொய்! என் வண்டிக்கும் அவன்தான்..."

"உங்க வண்டி இன்னும் காலையில நடுங்குதா?"

சின்ன டாக்டரின் வாய் திறந்தது. மூடவில்லை.

"...ஆமா."

ஏட்டு போய் ரேடியோவை அணைத்தார்.

"உங்க அண்ணன் கார்ல இருந்த தூள்லயும் இதே பொய்ப்பல் பிளாஸ்டிக் இருக்கு. லேப் ரிப்போர்ட் வந்தாச்சு. சாவி குடுத்த அண்ணியும் சொல்லியாச்சு."

அந்த விநாடியிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு அவர், 'அவர்' இல்லை.

அவன் கதவைப் பார்த்தான். கதவை அடைத்துக்கொண்டு ஏட்டு நின்றார். மேஜை மேலிருந்த கொக்கி மாதிரியான கருவியைப் பாய்ந்து எடுத்தான். இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் கால் அவன் முழங்காலில் இறங்கியது. மேஜை சாய்ந்தது. தட்டு கவிழ்ந்தது. பற்கள் தரையெங்கும் சிதறி உருண்டன!

அவற்றின் நடுவே மண்டியிட்டு விழுந்தான்.

"அவர் விட்டுக் குடுத்திருக்கலாம்..." என்று முனகினான். "சொந்தத் தம்பி... நான் நல்லா சுத்தம் பண்ணித்தான் போட்டேன்... ஒரு பேஷண்ட்டுக்காவது வித்தியாசம் தெரிஞ்சிருக்கா?"

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சுதே" என்றாள் இன்ஸ்பெக்டர்.

விலங்கை மாட்டினாள். மாட்டிய கையை டெட்டால் போட்டுக் கழுவினாள். கழுவியது போதாமல் மறுபடியும் கழுவினாள்.

* * *

ஸ்டேஷன் லாக்கப்.

டர்போ கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். கவனக்குறைவு வழக்கு போய், மோசடி வழக்கு வந்திருந்தது. வாசலில் ஏற்கெனவே சில கஸ்டமர்கள் கூடி, கையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்! ஒரு சின்ன விண்ணப்பம். நான் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா என் கராஜ்லயும் தூள் இருந்திருக்கும். கொலைகாரன் ஜம்முனு தப்பிச்சிருப்பான். கேஸைக் கண்டுபிடிச்சதுல எனக்கும் ஒரு பங்கு இருக்குல்ல? கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?"

இன்ஸ்பெக்டர் பதில் சொல்வதற்குள் ஏட்டு சின்ன டாக்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிர் செல்லில் அடைத்துப் பூட்டினார்.

டர்போவின் கண்கள் விரிந்தன.

"இவரா? இந்த டாக்டரா கொலைகாரர்? ரொம்ப நல்லவராச்சே மேடம்! போன வருஷம் இவர் வண்டிக்கு வால்வு சுத்தம் பண்ணினேன்ல... அதாவது, பண்ணினதா சொன்னேன்ல... கூலியே வாங்கல. அதுக்குப் பதிலா எனக்குப் பல் வலின்னதும் இவரே ஒரு புதுப் பல் கட்டி விட்டார். பாருங்க, எப்படி மின்னுதுன்னு!"

வாயைக் காது வரை இழுத்துக் காட்டினான். கடைவாயில் ஓர் உலோகப் பல் பளிச்சென்று மின்னியது.

ஸ்டேஷனில் எல்லார் பார்வையும் அந்தப் பல்லின் மேல் போய் நின்றது.

ஏட்டு எதிர் செல்லைப் பார்த்தார். சின்ன டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏன் எல்லாரும் அப்படிப் பார்க்கறீங்க?" டர்போவின் குரல் நடுங்கியது. "புதுப் பல்லுதான மேடம்? டாக்டர்! சொல்லுங்க டாக்டர்! புதுசுதான?"

ஏட்டு விஷயத்தைச் சொன்னார்.

டர்போ தன் வாய்க்குள் விரலை விட்டான். வெளியே எடுத்தான். முகம் பச்சையாகி, நீலமாகி, கம்பியைப் பிடித்தபடியே சரிந்தான்.

"ஐயோ... யாருதுடா இது?... எவன் வாயில இருந்ததுடா இது?..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். போகிற போக்கில் திரும்பிப் பார்த்தாள்.

"கவலைப்படாதே டர்போ... அவனாவது உன்னை மாதிரி இல்ல, சுத்தம் பண்ணிட்டுத்தான் மாட்டியிருக்கான்!"